வெண்ணெய்க்கு மூன்று பெயர், மாவுக்கு மூன்று நரம்பு

சீனாவில் கேக் செய்ய ஆசைப்படும் வெளிநாட்டவருக்குப் பொருள் கிடைக்காதது பிரச்சினையல்ல. அது எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரு சாதாரண கேக்குக்கு என்ன வேண்டும்? மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் பேக்கிங் பவுடர், சில சொட்டு வெனிலா. கடைசியாக, இவற்றை வேகவைக்க ஓர் ஓவன். ஆங்கிலம் கற்பிக்கவோ, தொழிற்சாலையை மேற்பார்வையிடவோ சீன நகரம் ஒன்றுக்கு வந்து சேரும் அமெரிக்கரோ ஆஸ்திரேலியரோ, முதல் வாரத்தில் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் இந்தப் பட்டியலில் தயக்கமின்றி அடையாளம் காணக்கூடியது ஒன்றே ஒன்று: முட்டை. மற்றவையெல்லாம் வெள்ளைத் தூள்களாகவும் படிக்க முடியாத எழுத்துகளாகவும் அலமாரிகளில் வரிசை கட்டி நிற்கின்றன. கோதுமை மாவு, பசையரிசி மாவு, சோள ஸ்டார்ச் எல்லாம் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே பொட்டலம். தப்பானதை எடுத்துச் சென்றால் அது தெரியவருவது அடுப்பிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான்.

ஓவனே முதல் தடை. சீனச் சமையலறை வாணலியையும் மூங்கில் ஆவித்தட்டையும் நம்பி வளர்ந்தது. வறுப்பதும் வதக்குவதும் ஆவியில் வேகவைப்பதும் வீட்டு வேலை. நெருப்புக்கூண்டில் சுடுவது கடைக்காரர் வேலை. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற வாத்து வறுவலும், எள் தூவிய ஷாவ்பிங் ரொட்டியும், இலையுதிர்கால விழாவின் நிலா கேக்கும் பெரும்பாலும் வெளியே வாங்கப்படுபவை. சின்ஜியாங்கின் உய்குர் மக்கள் சுடும் 'நான்', நம் ஊர் தந்தூரி அடுப்பின் நெருங்கிய உறவு. அதுவும் தெருவோர அடுப்பில்தான். ஆக, வாடகைக்கு எடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு எரிவாயு அடுப்புகள் இருக்கும், ஓவன் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், உலகின் மைக்ரோவேவ் அடுப்புகளில் பெரும்பங்கை உற்பத்தி செய்வது இதே நாடுதான். குவாங்டாங் மாகாணத்தின் ஷுன்டே பகுதியில் 1978இல் பறவை இறகு பதப்படுத்தும் தொழிலில் தொடங்கிய கலான்ஸ் நிறுவனம், 1990களில் மைக்ரோவேவ் அடுப்புக்கு மாறி உலகச் சந்தையைப் பிடித்தது.

மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன் ஒன்றை வாங்கிவிட்டால் அடுத்த கட்டம் மாவு. சீனர்கள் கோதுமை மாவை அதிலுள்ள பசைத்தன்மையை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள்: 'காவ் ஜின்', 'சோங் ஜின்', 'தீ ஜின்'. அதாவது உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த 'ஜின்'. ஜின் என்றால் தசைநார், நரம்பு. நரம்பு அதிகமுள்ள மாவு ரொட்டிக்கு. குறைந்தது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். நடுத்தரம், கொழுக்கட்டை போன்ற ஜியாவ்ஸிக்கும் ஆவியில் வேகும் மான்டோவுக்கும். பேக்கிங் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் குளூட்டன் விஞ்ஞானத்தைச் சீன மொழி ஒரே எழுத்தில் அடக்கிவிட்டது. ஆனால் அதைக் காதால் கேட்டு வாங்கப் போனால் குழப்பம்தான். அரைக் கிலோ எடைக்கும் பெயர் 'ஜின்'. எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே.

வெண்ணெயின் கதை இதைவிடச் சிக்கலானது. சீனப் பெருநிலத்தில் வெண்ணெய் 'ஹுவாங் யோ', மஞ்சள் எண்ணெய். ஹாங்காங்கில் அதையே பசு எண்ணெய் என்று எழுதுகிறார்கள். தைவானில் பால் எண்ணெய், அதாவது 'நாய் யோ'. (தமிழ்க் காதுகள் திடுக்கிட வேண்டியதில்லை, சீனத்தில் 'நாய்' என்றால் பால்.) இதே 'நாய் யோ' பெருநிலத்தில் வெண்ணெயல்ல, கிரீம். பசு எண்ணெயோ சிச்சுவானிலும் சோங்சிங்கிலும் மாட்டுக் கொழுப்பு. மிளகாய் மிதக்கும் 'ஹாட்பாட்' குழம்புக்கு அடிப்படை. ஹாங்காங் சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு செங்டூவில் கடைக்குப் போகிறவரின் கேக் என்னவாகும் என்று ஊகிக்கலாம்.

கிரீமிலும் இரண்டு கட்சிகள். 'தாவர கிரீம்' என்பது நம் வனஸ்பதி வம்சம்: மலிவு, வெயிலில் உருகாது, ரோஜாப்பூ வடிவம் பிடித்தால் கலையாது. 'விலங்கு கிரீம்' என்பது பாலிலிருந்து வருவது. பெயரைப் பார்த்தால் சைவர்கள் அலறக்கூடும். ஆனால் பால் சாப்பிடும் இந்தியச் சைவருக்கு உகந்ததுதான் அது. உண்மையில் அவர் அஞ்ச வேண்டியது பன்றிக் கொழுப்புக்கு. பாரம்பரியச் சீனப் பலகாரங்களின் அடுக்கடுக்கான மொறுமொறுப்பு பெரும்பாலும் அதன் கொடை. 2020க்கு முன் சீனாவில் 23,000க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள், அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம், படித்துவந்தார்கள். கடைப் பலகாரத்தை நம்பாத சைவ மாணவர் தம் பிறந்தநாள் கேக்கைத் தாமே செய்துகொள்வது நாக்கு ருசிக்காக மட்டுமல்ல.

மாவை உப்பவைக்கும் பொருள்களில் ஈஸ்ட் மட்டும் சங்கடம் தருவதில்லை. மான்டோ அவிக்கும் நாட்டில் அது எங்கும் கிடைக்கும். ஹூபெய் மாகாணத்தின் யீசாங் நகரில் 1986இல் தொடங்கிய ஏஞ்சல் நிறுவனத்தின் ஈஸ்ட் பொட்டலம் இல்லாத கடை அபூர்வம். பேக்கிங் பவுடர் 'பாவ் தா ஃபென்' ஆகிவிட்டது. 'பவுடர்' என்ற ஒலியையே சீனமாக்கி, அதன் பின்னால் தூள் என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள்; நடு சென்டர் மாதிரி. அலுமினிய உப்புகள் கலந்த சேர்பொருள்களுக்கு 2014 ஜூலையில் அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் 'அலுமினியம் இல்லாதது' என்ற வாசகம் உறைகளில் பெரிதாக இடம்பிடித்தது. ஆப்ப சோடா, 'ஷியாவ் சூ தா', சின்ன சோடா. வெறும் சோடா என்று கேட்டால் சலவைச் சோடா. பெரிய சோடா என்று கேட்டால் வருவது புகைப்படச் சுருள் கழுவப் பயன்படும் ரசாயனம். முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கும்போது சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டர் 'தா தா ஃபென்' என்று விற்கப்படுகிறது. ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெனிலா, 'ஷியாங் சாவ்'. பொருள்: வாசனைப் புல். துளசி வகைகளையும் ரோஸ்மேரியையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லும் இதுவே என்பதால், வெனிலா கேட்டவருக்கு மூலிகைக்கட்டு கிடைப்பதுண்டு. செயற்கை வெனிலின் உற்பத்தியில் சீனா உலகின் முன்னணி நாடு. அசல் வெனிலா காயின் சாறு மட்டும் வெளிநாட்டவர் பெட்டிகளில் பயணம் செய்துவந்தது.

சர்க்கரையில் ஒரு வரலாற்று விசித்திரம் ஒளிந்திருக்கிறது. மேற்கத்திய செய்முறை கேட்கும் பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் சீனாவில் கிடைப்பது 'ஹோங் தாங்', சிவப்புச் சர்க்கரை. பிரசவித்த பெண்களுக்கு வெந்நீரில் கரைத்துக் கொடுப்பது. நம் நாட்டுச் சர்க்கரையைத் தெரிந்தவருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரும்பைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் நுட்பத்தைக் கற்றுவர, 647இல் தாங் வம்சப் பேரரசர் தாய்சோங் மகதத்துக்குத் தூதர்களை அனுப்பினார். பிற்காலத்தில் சீனர்கள் வெண்மையாக்கிய சர்க்கரை இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது இந்தியில் 'சீனி' ஆயிற்று. மதுரையிலும் திருநெல்வேலியிலும் இன்றும் அது சீனிதான். வால்மீகி ராமாயணத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்த அறிஞர் ஜீ சியன்லின் (1911-2009), இந்தப் போக்குவரத்தை ஆராய்ந்து சர்க்கரையின் வரலாற்றையே தனி நூலாக எழுதினார். சமையலறைப் பொருள்கள் எல்லை தாண்டுவதும், தாண்டும்போது பெயர் மாற்றிக்கொள்வதும் புதிதல்ல.

கடைக்குப் போய்க் குழம்பும் வாய்ப்புகூட ஒரு காலத்தில் இருந்ததில்லை. 1980 முதல் 1994 வரை வெளிநாட்டவருக்கென்று தனிச் செலாவணிச் சீட்டுகள் இருந்தன. அவற்றை நீட்டினால் பெய்ஜிங்கின் 'நட்புறவுக் கடை'யில் இறக்குமதிச் சரக்கு கிடைக்கும். சாமானியச் சீனர்களுக்கு அங்கே இடமில்லை. தூதரகக் குடும்பங்களுக்கு அது போதும். உள்நாட்டு நகரம் ஒன்றில் கல்லூரி விடுதியில் தங்கிய ஆசிரியைக்கு? அவருடைய ஆதாரம், விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் சகாக்களின் பெட்டிதான். இன்றைக்கு அந்த வழியிலும் பாதி அடைபட்டுவிட்டது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும், பயணிகள் கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலில் உள்ளன.

ஆனால் சீனாவுக்கு மேற்கத்திய ரொட்டி அறவே அந்நியம் என்று நினைத்தால் தவறு. ரயில் பாதையோடு ரஷ்யர்கள் வந்து குடியேறிய ஹார்பினில், 1900இல் திறந்த சூரின் அங்காடியின் பெயர் 'சியூலின்' என்று சீனமாகி இன்றும் நிற்கிறது. அங்கே விற்கும் தலையணை அளவு புளிப்பு ரொட்டிக்குப் பெயர் 'லியபா'. ரஷ்ய மொழியின் 'ஹ்லெப்', அதாவது ரொட்டி. தியான்ஜினில் ஜெர்மானியர் ஒருவர் 1901இல் தொடங்கிய கீஸ்லிங் உணவகம், ஆட்சிகள் பல மாறியும் அதே பெயரில் தொடர்ந்தது. ஷாங்காயின் பிரெஞ்சுக் குடியிருப்பில், புரட்சிக்குத் தப்பி வந்த ரஷ்யர்கள் பேக்கரிகள் நடத்தினார்கள். அந்நியர் ஆதிக்கத்தின் நினைவோடு வந்த பண்டங்களில் சில, ஊர்ப் பண்டங்களாகவே ஆகிவிட்டன. ஹார்பினுக்குப் போகும் சீனச் சுற்றுலாப் பயணி லியபாவைச் சுமந்துகொண்டு திரும்புவது, நம்மவர் திருநெல்வேலியிலிருந்து அல்வா கொண்டுவருவது போல.

நிலைமை மாறத் தொடங்கியது 1990களின் நடுவில். 1995இல் கார்ஃபூர், 1996இல் வால்மார்ட், மெட்ரோ என்று அந்நிய அங்காடிகள் வந்தன. 2008இல் நியூசிலாந்துடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அந்நாட்டு வெண்ணெய் குவிந்தது. அதே ஆண்டின் இன்னொரு நிகழ்ச்சி, பால் என்ற சொல்லையே அச்சத்துக்குரியதாக்கியது. மெலமைன் கலந்த குழந்தைப் பால்மாவால் ஆறு குழந்தைகள் இறந்தன. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதன்பின் உறையில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்கியவர்கள் வெளிநாட்டவர் மட்டுமல்லர். தன் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று தவித்த சீனத் தாய்க்கும், பிஸ்கட் சுட நினைத்த அந்நியருக்கும் ஒரே அலமாரி முன் ஒரே கேள்வி எழுந்தது. வீட்டிலேயே சுடும் பழக்கம் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தில் பரவியதற்கு, உள்ளே என்ன போகிறது என்று தன் கண்ணால் பார்க்கும் ஆசையும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது, 2003இல் அலிபாபா தொடங்கிய தாவ்பாவ் இணையச் சந்தை. சரியான எழுத்துகளைத் தட்டினால் போதும், கோகோ பவுடர் முதல் கேக் தட்டு வரை வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆக, தேவைப்பட்டது கடையல்ல, அகராதி. புதிதாக வருபவருக்குப் பழையவர்கள் முதலில் கொடுக்கும் உதவி, ஒரு தாளில் எழுதிய பத்துப் பதினைந்து சீனச் சொற்களே. பேக்கரிகளுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்தக் கடை ஏதாவது ஒரு சந்தில் இருக்கும் என்ற ரகசியத்தையும் அவர்களே சொல்வார்கள். அங்கே 25 கிலோ மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கடைக்காரருக்கு, வாடிக்கையாளர் வாய் திறக்கும் முன்பே மஞ்சள் எண்ணெய் வேண்டும் என்று புரிந்துவிடும்.

எல்லாம் கிடைத்தும் சில சமயம் பூகோளம் காலை வாரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்மிங்கில், காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாக எழும்பி நடுவில் அமுங்கிப்போகும். பேக்கிங் பவுடரைக் குறைத்து நீரைக் கூட்ட வேண்டும். 3,650 மீட்டர் உயர லாசாவில் இன்னும் மோசம். ஓவன் இல்லாதவர்கள் சோறு வடிக்கும் மின் குக்கரில் கேக் செய்கிறார்கள். 2020 பிப்ரவரியில், கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சீனர்கள் இதே வித்தையைச் செல்பேசித் திரைகளில் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். எந்த மூலையிலும் கிடைத்த ஈஸ்ட் அப்போது கடைகளில் தீர்ந்துபோயிற்று.

2022 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டரைக் கோடி மக்கள் வாழும் ஷாங்காய் பூட்டப்பட்டபோது, அடுக்குமாடி வாசிகள் ஒன்றுசேர்ந்து மொத்தமாகப் பொருள் வரவழைத்தார்கள். 'துவான் கோ' என்ற இந்தக் கூட்டுக் கொள்முதலில் காய்கறி, முட்டையோடு ரொட்டியும் வெண்ணெயும்கூட இடம்பெற்றன. அதுவரை மின்தூக்கியில் தலையசைத்ததோடு நின்ற அண்டை வீட்டார், யாரிடம் மாவு இருக்கிறது, யாரிடம் ஓவன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். மாவு இல்லாதவர் முட்டை கொடுத்தார். ஓவன் வைத்திருந்தவர் சுட்டதைப் பங்கிட்டார்.

சீனப் பெருநிலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை நாளல்ல. டிசம்பர் 25 அன்று வகுப்பெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஆசிரியைக்கு அந்த நாளை மற்ற நாட்களிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு வாசனை தேவைப்படுகிறது. அதற்காகத்தான் இத்தனை தேடலும் எழுத்துப் பயிற்சியும். பாட்டியின் செய்முறையில் பழுப்புச் சர்க்கரை என்று இருக்கும் இடத்தில் ஹோங் தாங் போகிறது. மோருக்குப் பதில் வினிகர் விட்ட பால். வெந்து வரும் கேக்கில் ஊர்ச் சுவை முழுதாக இருப்பதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் ஊருக்குத் திரும்பி அதே கேக்கைச் செய்யும்போது, அந்தச் சிவப்புச் சர்க்கரை இல்லையே என்று தோன்றக்கூடும். அப்போது அவர் தேடப்போவது பக்கத்தில் எங்காவது ஒரு சீனக் கடையை.