ஓர் இரவின் விலை

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் ஒருநாள் மாலை, தலைமன்னார் இறங்குதுறைக்கு அணித்தாக, பனைகளின் நிழலில் வெள்ளை நிற வேன் ஒன்று வந்து நின்றது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி. ஒரு சிறு வீடே நான்கு சக்கரங்களின் மேல் ஏறியிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் அதனைக் கொழும்பில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றிவந்தார்கள். ஆங்கிலம் பேசக்கூடிய ஒருவரைத் தேடி என் வீட்டுக்கு ஆள் வந்தது. போனேன். "இன்றிரவு இங்கே தங்கலாமா? யாருக்கு, எவ்வளவு கொடுக்க வேண்டும்?" இதுவே அவர்களுடைய கேள்வி.

எளிய கேள்விதான். எனினும் நெடுநேரம் என்னால் விடைகூற முடியவில்லை.

வேன் நின்ற இடத்தை அடுத்து மீன்வாடி ஒன்று உண்டு. வாடிக்கார அண்ணன் வலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வந்த சனத்திட்டக் காசு வாங்கிறதோ, மாஸ்டர்? கிடந்திட்டுப் போகட்டும்." பக்கத்தில் நின்ற இளைஞன் என் பழைய மாணவன். அவன் விடவில்லை: "ஐயாயிரம் கேளுங்கோ, சேர். சீகிரியாவில வெளிநாட்டுக்காரரிட்ட எங்களைவிட எத்தனை மடங்கு வாங்கினம்! நாங்கள் மட்டும் ஏன் சும்மா விடவேணும்?"

ஒருவர் பழைய பண்பிலிருந்து பேசினார். மற்றவன் இன்றைய வறுமையிலிருந்து பேசினான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது, பட்டினியின் ருசியை அறிந்தவன் அந்த இளைஞன். அவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அண்ணனின் பக்கமே என் நெஞ்சு சாய்ந்தது. வழிப்போக்கனுக்கு ஓர் இரவு இடம் கொடுப்பதற்கு விலை பேசுவதா என்ற எண்ணம் எனக்குள் மிகவும் ஆழமானது. அதற்கு இந்தக் கரையின் வரலாறும் என் தாயின் கதையும் காரணங்கள்.

தலைமன்னார் தங்கிப் போகிறவர்களின் ஊர். கண்டிச் சீமையில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபின், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்ட உழைப்பாளி மக்கள் கடலைக் கடந்து இந்த மன்னார்க் கரைகளில் இறங்கினார்கள். இங்கிருந்து காட்டுவழியே மதவாச்சி, தம்புள்ளை என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். எத்தனை இரவுகள் வழியில் கழிந்தன! வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரவர். அந்த இரவுகளை யாரேனும் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்களா? இல்லை. வழிச் செலவும் சோற்றுச் செலவும் கங்காணியின் முன்பணத்தில் அடங்கின. முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. தோட்டம் மாற விரும்பினால், அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டையும் சுமந்துகொண்டே போகவேண்டும். புதிய தோட்டத்தார் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார்கள்; கடன் புதிய கணக்கில் தொடரும். துண்டு முறையை ஒழிக்கும் சட்டம் 1921இல்தான் வந்தது. தூங்கிய இரவுக்கு ஆயுள் முழுவதும் விலை கொடுத்த மனிதர்கள் இந்த மண்ணை மிதித்துப் போயிருக்கிறார்கள்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இரு கரையிலும் புகையிரதமும் இணைந்தன. சீட்டு வாங்கியவர்கள் மெத்தை இருக்கையில் பயணம் செய்தார்கள். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களோ அக்கரையில் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைகளுக்குப் பின்னரே அனுப்பப்பட்டார்கள். ஒரே கடல், இரவு மட்டும் வர்க்கத்துக்கு ஒன்றாக இருந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு தலைநகரங்களுக்கிடையே முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கே ஓடியது. மலையகத்திலிருந்து பெட்டியும் பாயுமாக வந்த குடும்பங்கள் இந்தத் துறையில் காத்துக் கிடந்தன. நிலையத்துக்கு அருகே என் அப்பப்பா தேநீர்க் கடை வைத்திருந்தார். தேநீருக்குக் காசு வாங்குவாராம்; அதுவே அவருடைய பிழைப்பு. கடையின் தாழ்வாரத்தில் படுத்தவர்களிடம் ஒரு சதமும் வாங்கியதில்லையாம். இதனை அவர் பெருமையாகச் சொன்னவரல்லர். அது கேட்கவேண்டிய காசு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு எங்கள் முறை வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு இரண்டு வயது. அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு இரவில் படகேறினார். படகுக்கூலி, அவருடைய தாலிக்கொடி. விடியுமுன் படகோட்டி எங்களை இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா, நடந்து போங்கோ" என்று சொல்லித் திரும்பிவிட்டான். வெளிச்சம் வந்ததும்தான் நான்கு பக்கமும் கடல் என்பது தெரிந்தது. இரு கரைகளுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுகளில் ஒன்று அது. மரமில்லை, நிழலில்லை, குடிதண்ணீர் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே கழிந்தன. மறுநாள் காலை இராமேசுவரத்து மீனவர்கள் சிலர் எங்களைக் கண்டு, தம் வள்ளத்திலிருந்த தண்ணீரைத் தந்து, கரை சேர்த்தார்கள். அம்மா காதுத் தோட்டைக் கழற்றி நீட்டியபோது, அவர்களில் மூத்தவர் கையை விலக்கிவிட்டாராம்.

முதற் படகோட்டியை அம்மா ஒருநாளும் சபித்ததில்லை. துப்பாக்கிகளுக்கு இடையே, எண்ணெய் கிடைக்காத நாளில், உயிரைப் பணயம் வைத்து வந்தவன் அவனும் என்பார். "கூலி வாங்கினது பிழையில்லை. கரையெண்டு சொல்லித் திட்டில விட்டதுதான் பிழை." மண்டபம் முகாமில் நான் அரிச்சுவடி படித்தேன். தோட்டத் தொழிலாளரை மறித்து வைத்த அதே இடம், எங்களுக்குக் கூரையாயிற்று. 2003இல் ஊர் திரும்பினோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். இன்று இந்தக் கரையில் ஆசிரியனாக இருக்கிறேன்.

ஆகவேதான் அந்த வேனின் முன்னே நின்று, "ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்று சொல்ல என் வாய் எழுந்தது. ஆனால் அதற்கு முன், உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டேன். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். ஜெர்மனியில் பல நகரசபைகள் இத்தகைய வண்டிகளுக்கென்றே தரிப்பிடம் வைத்திருக்கின்றன. கட்டணம் பலகையில் எழுதியிருக்கும். தண்ணீர், மின்சாரம், கழிவை ஊற்றும் இடம் யாவும் அங்கேயே உண்டு. பிரான்சில் சில சிற்றூர்கள் இலவசமாகவே இடம் தருகின்றன. தங்குகிறவர் ஊர்க்கடையில் ரொட்டியும் காய்கறியும் வாங்குவார் அல்லவா? "கொடுப்பது எங்களுக்குக் கடினமன்று. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமலிருப்பதுதான் கடினம்" என்றார்.

நான் இதனைத் தமிழில் சொல்லி முடிக்குமுன், வாடியின் உள்ளிருந்து அண்ணனின் மனைவி வெளியே வந்தார். அதுவரை எங்கள் மூவரில் எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் வெறுங்குடம்.

"காசு வேண்டாம் எண்டு சொல்லுறது அவர். தண்ணி அள்ளிக்கொண்டு வாறது ஆர், மாஸ்டர்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

இந்தத் தீவில் மணலுக்கடியில் கிடைக்கும் நல்ல தண்ணீர் கொஞ்சம். கடலோரக் கிணறுகளில் உவர். குடிக்கத்தக்க தண்ணீருக்கு அக்கா நாளும் தொலைவு நடக்கிறார். வந்தவர்களுக்குச் சமைக்க, குளிக்க, கழுவத் தண்ணீர் வேண்டும். மலசலகூடத்தைத் திறந்துவிட வேண்டும். காலையில் அதனையும் முற்றத்தையும் கழுவிக் கூட்ட வேண்டும். விருந்தோம்பல் என்று நூல்களில் படித்து நான் வகுப்பில் பெருமையோடு கற்பிக்கும் அறத்தை, இங்கே இடுப்பில் சுமக்கிறவர் அவர். ஆண்கள் திண்ணையிலிருந்து தாராளமாக வழங்கும் இலவசத்தின் செலவை, வீட்டுக்குள் ஒரு பெண் கட்டிக்கொண்டிருக்கிறார். சுரண்டலைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசிய எனக்கு, இது கண்ணில் படவில்லை.

"மண்ணுக்குக் காசு வேண்டாம். அது கடற்கரை. தண்ணிக்கும் காலமை கூட்டுறதுக்கும் ஐந்நூறு தரட்டும்" என்றார் அக்கா.

"ஐந்நூறுதானா? கொழும்பிலயிருந்து வாற பணக்காரருக்கும் அதுவா?" என்றான் என் மாணவன்.

"ஆர் வந்தாலும் ஒரு குடம் ஒரு குடந்தான். ஏலாத சனம் வந்தால் வேண்டாம்."

இதனை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அந்த அம்மையார் பணத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் அக்காவைக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

ஓர் இரவுக்கு விலை உண்டா என்று கேட்பவர்களுக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. நிலத்தில் தலைசாய்ப்பதற்கு விலை கூடாது. அதற்காக உழைக்கும் கைக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி முன்கூட்டியே சொல்லப்படவேண்டும். உழைத்தவர் கையையே சேரவேண்டும். போக்கிடமற்றவனின் இரவைக் கடனாக எழுதுவதும், மணல் திட்டைக் கரையென்று விற்பதும் கொள்ளை. துண்டுச் சீட்டையும் அம்மாவின் தாலிக்கொடியையும் அக்காவின் ஐந்நூறு ரூபாவையும் ஒரே தட்டில் வைத்து, காசு என்றாலே பாவம் என்று நான் எண்ணியிருந்தது பிழை. அதேபோல, வசதியுள்ளவனிடம் கறந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று என் மாணவன் எண்ணியதும் பிழை.

2023 ஜூலை 28ஆம் நாள், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, இதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. பழைய வழியில் பதினாறு நாள் நடந்தார்கள். வழியூர் மக்கள் வரவேற்று உபசரித்தார்கள். முன்னோர் கடனில் கழித்த இரவுகளை, பேரப்பிள்ளைகள் அன்பில் கழித்தார்கள் என்று அப்போது வகுப்பில் சொன்னேன். இன்று அதே பாடத்தை நடத்தினால், ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வேன்: அந்த ஊர்களில் தண்ணீர் அள்ளியவர் யார்? அவருக்கு நாம் என்ன கொடுத்தோம்?

மறுநாள் காலை வேன் போய்விட்டது. நான் அவ்வழியே சென்றபோது அக்கா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் பழைய மாணவன் குடத்தோடு கிணற்றடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.