எல்க்ஹார்ட்டில் வீடு பார்த்தோம்

நாகபுரியில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு, அமெரிக்கப் பிரயாணம் என்பது கனவிலும் எண்ணாத ஒன்று. சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அது கைகூடியது. சிகாகோவுக்கு அருகில் வசிக்கும் என் தமக்கையும் அத்தானும் டிக்கெட் எடுத்து அனுப்பி அழைத்திருந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்கத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிச் சென்றேன். சென்ற மறுநாளே, ஒரு வழக்குக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டிருக்கிறேன் என்பது விளங்கிவிட்டது.

அத்தானுக்கு இன்னும் ஓராண்டில் ஓய்வு. இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, சக்கரம் பூட்டிய வீடு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு அந்தப் பெருநாட்டை முழுவதும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல நாளைய ஆசை. அக்காளுக்கு அதில் சம்மதமில்லை. "தம்பி, அப்பாவுக்கு மாற்றல் வந்தபோதெல்லாம் குவார்ட்டர்ஸ் விட்டுக் குவார்ட்டர்ஸ் மாறி வளர்ந்தவர்கள் நாம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது. அதையும் சக்கரத்தின் மேல் ஏற்றுவதா?" என்று என்னிடம் கேட்டாள். நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் பாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வாங்க நினைத்த வண்டியின் பெயர் ‘பிப்த் வீல்’, அதாவது ஐந்தாஞ்சக்கரம். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் ஒரு வட்டத் தகட்டைப் படுக்கைவசமாகப் பொருத்துவார்கள். நான்கு சக்கரங்களுக்கும் மேலாக இருப்பதால் அதற்கு ஐந்தாஞ்சக்கரம் என்று பெயர் வந்தது. இன்று அப்பெயர், பிக்கப் லாரியின் பின்தட்டில், பின் அச்சுக்கு மேலாகப் பொருத்தப்படும் இணைப்புக்கு வழங்குகிறது. இழுக்கப்படும் வீட்டின் முன்பகுதி லாரியின் மேல் கவிந்திருக்கும். அதிலிருந்து இறங்கும் முளையை அந்த இணைப்பின் தாடை கவ்விக்கொள்ளும். விமானத் துறையில் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ், 1920களின் இறுதியிலேயே இவ்வகையான வண்டி ஒன்றைக் கட்டி விற்றார்.

இத்தகைய வீடுகள் மிகுதியாகத் தயாராகும் இடம் இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். சிகாகோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 110 மைல். மூவரும் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். வழியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சிகாகோ நேரம், எல்க்ஹார்ட்டில் கிழக்கு நேரம்.

ஊருக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது தண்டவாளம். எல்க்ஹார்ட் ஒரு பழைய ரயில்வே நகரம். சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் மிகப் பெரிய யார்டு ஒன்று அங்கே இருக்கிறது. வேகன்களை ஒரு மேட்டின் மேல் தள்ளி, மறுபக்கம் தாமாக உருண்டு உரிய தடத்தில் போய்ச் சேரும்படி விடுகிறார்கள். அத்தான் வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் பார்க்க விட்டார். பிறந்த வீட்டுக்கு வந்தது போன்ற ஒரு மகிழ்ச்சி எனக்கு.

அங்குள்ள காட்சிச்சாலையில் 1913ஆம் ஆண்டு செய்த சிறு இழுவை வண்டி முதற்கொண்டு, நடிகை மே வெஸ்டுக்காக 1931இல் செய்த வீட்டுக்கார் வரையில் பலவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே மிடில்பரி, ஷிப்ஷிவானா செல்லும் சாலையில் இதைவிட வியப்பான காட்சியைக் கண்டோம். கறுப்புக் குதிரை வண்டிகள் வரிசையாகச் சென்றன. ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினர், தாம் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை என்ற நியமம் உடையவர்கள். ஆயினும் இந்த வீட்டு வண்டித் தொழிற்சாலைகளில் தச்சு முதலான வேலைகளைச் செய்வோரில் பலர் அவர்களே. ஊர் ஊராக ஓடும் வீடுகளைச் செய்துவிட்டு, மாலையில் ஓடாத தம் வீடுகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். "கெட்டிக்காரர்கள்!" என்றாள் அக்காள். அத்தான் பதில் பேசவில்லை.

எந்தக் கம்பெனியின் வண்டியை வாங்குவது என்பதே அத்தானின் பெருங்கவலை. ஒரு குறிப்புப் புத்தகம் நிறையப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். விசாரித்துப் பார்த்தபோது பெயர்கள் பலவாயினும் முதலாளிகள் சிலரே என்பது தெரிந்தது. ‘மொன்டானா’, ‘கூகர்’ வண்டிகளைச் செய்யும் கீஸ்டோனை 2001இல் தோர் என்ற நிறுவனம் வாங்கியது. 1968இல் தொடங்கப்பட்ட ஜேகோவையும் அதுவே 2016இல் வாங்கிக்கொண்டது. அதே 2016இல் கிராண்ட் டிசைன், வின்னபேகோ நிறுவனத்தின் வசமாயிற்று. பாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்ஷயர் ஹாத்தவேயைச் சேர்ந்தது. அச்சும் அடிச்சட்டமும்கூட, வெவ்வேறு பெயருள்ள பல வண்டிகளுக்கு, அதே ஊர்ப் பக்கத்திலுள்ள ஓரிரு நிறுவனங்களிலிருந்து வருகின்றன. ஆகவே பெயரை மட்டும் பார்த்து நல்லது கெட்டது தீர்மானிப்பதற்கில்லை. ஒரே கம்பெனியிலும் விலை உயர்ந்த வரிசைக்கும் தாழ்ந்த வரிசைக்கும் உள்ள வேற்றுமை, இரண்டு கம்பெனிகளுக்கு இடையே உள்ள வேற்றுமையைவிட அதிகமாக இருப்பதுண்டு.

ஒரு விற்பனைக் களத்தில் அத்தான் ஒரு வண்டியைக் கண்டு மயங்கி நின்றுவிட்டார். பொத்தானை அழுத்தினால் சுவர் வெளியே நகர்ந்து கூடம் விரிகிறது. சமையலறையும் குளியலறையும் குறைவின்றி இருந்தன. விலை ஏறக்குறைய 70,000 டாலர். "உங்கள் லாரி 12,000 பவுண்டு இழுக்கும். இதன் மொத்த எடை 11,000தான்" என்று விற்பனையாளர் உறுதி கூறினார். அத்தான் முன்பணத்துக்குக் காசோலையை எடுக்கப் போனார்.

அந்த வேளையில் என் உத்தியோகப் பழக்கம் என்னை விடவில்லை. எங்கள் வேகன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெற்று எடையும் ஏற்றக்கூடிய எடையும் எழுதியிருக்கும். பாக்ஸ்-என் வேகனை முதலில் வடிவமைத்தபோது அச்சு ஒன்றுக்கு 20.32 டன், நான்கு அச்சுக்கு 81.28 டன் என்று வரம்பு வைத்திருந்தார்கள். இந்த வீட்டுக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டுமே என்று தேடினேன். இருந்தது. வெற்று எடை 9,200 பவுண்டு. ஏற்றக்கூடியது 1,800. தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு வீதம், 60 காலன் தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 500 பவுண்டு போய்விடும். எஞ்சிய 1,300 பவுண்டில் அக்காளின் கிரைண்டர், அரிசி மூட்டை, பாத்திரங்கள், புத்தகங்கள், துணிமணி, குத்துவிளக்கு எல்லாம் அடங்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று. ரயில் எஞ்சின் வேகனை இழுக்கிறதே தவிர, அதன் பாரத்தைத் தாங்குவதில்லை. ஐந்தாஞ்சக்கர வண்டியோ தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை லாரியின் முதுகின் மேலேயே வைக்கிறது. 11,000 பவுண்டுக்கு அது 2,200. லாரிக் கதவின் உட்பக்கத்து மஞ்சள் சீட்டில் அந்த லாரி சுமக்கக்கூடியது 1,900 பவுண்டு என்று அச்சிட்டிருந்தது. அதில் கணவன் மனைவி இருவருக்கும் 300, இணைப்புக் கருவிக்கு 150 போக மிச்சம் 1,450. சீட்டை அத்தானிடம் காட்டி, "அத்தான், இந்த லாரி இழுக்கும், தாங்காது" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. அக்காள் மெதுவாக, "நானும் அதைத்தானே சொல்கிறேன். இழுத்துக்கொண்டு போக உங்களால் முடியும், தாங்க வேண்டியவள் நான்" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி. அந்த வீட்டில் படுக்கையறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். அதுவரையில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

காசோலை பைக்குள் திரும்பியது. அன்றிரவு விடுதியில் அமர்ந்து உத்தரவாதப் பத்திரத்தை மூவருமாகப் படித்தோம். விடுமுறை உபயோகத்துக்கு மட்டுமே உத்தரவாதம், நிரந்தரமாகக் குடியிருந்தால் இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. இவ்வாறு விதிக்கும் கம்பெனிகள் பல உண்டாம். வீட்டை விற்று வண்டியில் குடியேற நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

அதன்பின் அத்தானின் குறிப்புப் புத்தகத்தில் கம்பெனிப் பெயர்களுக்குப் பதிலாக வேறொரு பட்டியல் ஏறியது: ஏற்றக்கூடிய எடை எவ்வளவு, லாரி தாங்குமா, டயர் எந்த வாரம் எந்த ஆண்டு செய்தது (அதன் மேல் நான்கு இலக்கத்தில் குறித்திருக்கும்), கூரையிலும் நகரும் சுவரின் ஓரங்களிலும் நீர் கசியாதபடி அடைத்திருக்கிறதா, பனிக்காலத்தில் தண்ணீர்த் தொட்டி உறையாமல் இருக்க வெப்ப ஏற்பாடு உண்டா, பழுது பார்க்கும் இடம் அருகில் இருக்கிறதா, பணம் செலுத்துமுன் விற்பவரைச் சாராத ஒரு பரிசோதகரை வைத்துப் பார்க்க விடுவார்களா. எல்லாவற்றுக்கும் கீழே அத்தான் தம் கையாலேயே, "படிகள் எத்தனை?" என்று எழுதினார்.

எல்க்ஹார்ட்டில் இன்னொன்றும் கேள்விப்பட்டோம். 2009ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது அங்கே வேலையில்லாதோர் தொகை நூற்றுக்கு இருபதை நெருங்கியதாம். பணமுடை வந்தால் மக்கள் முதலில் விடும் பொருள் இது. வாங்கிய நாள் முதல் விலை இறங்கும் பொருளும்கூட. நிலத்தோடு கூடிய வீட்டை விற்று இதில் போடுவது சரியன்று என்பதை அத்தானே ஒப்புக்கொண்டார்.

நான் ஊர் திரும்பிய பின், இவ்வாண்டு மே மாதத்தில் அவர்கள் ஒரு வண்டியைப் பதினைந்து நாட்கள் வாடகைக்கு எடுத்து, மிச்சிகன் ஏரிக்கரையில் தங்கியிருந்தார்கள். முகாம் மைதானத்துக்கே கொண்டு வந்து நிறுத்திக் கொடுத்தார்களாம். அக்காள் எழுதிய கடிதம் வந்தது. காலையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தது நன்றாக இருந்ததாம். பத்தாம் நாள் வீட்டு ஞாபகம் வந்ததாம். வீட்டை விற்பதில்லை என்றும், ஆண்டுக்கு இரண்டு மாதம் ஊர் சுற்றப் படியில்லாத சிறிய வண்டி ஒன்று வாங்குவது என்றும் முடிவாகியிருக்கிறது. கடிதத்தோடு ஒரு வண்டியின் எடைச் சீட்டைப் படமெடுத்து, "மாப்பிள்ளை சரிபார்க்கவும்" என்று அத்தான் எழுதி அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாரி தாங்கும், 200 பவுண்டு மிச்சமும் இருக்கிறது. கிரைண்டரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அக்காளுக்கு எழுதிவிட்டேன்.