லுங்கித் துணியில் ஒரு சட்டை

சட்டைத் துணியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்களில் சிலர் நகைக்கக் கூடும். எர்ணாவூரில் ஒரு சித்திரை வைகாசியைக் கழித்தவர்கள் நகைக்க மாட்டார்கள். கடற்காற்று வராமல் மேல்காற்று அனலாய் அடிக்கும் நாட்களில், லாரிப் புழுதியும் உப்பு ஈரமும் ஒன்றாய் உடம்பில் அப்பிக்கொள்ள, முதுகில் ஒட்டிய சட்டையுடன் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்று இலக்கணம் போதிப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை நாம் இருபது ஆண்டுகளாக அறிவோம்.

இத்தனை ஆண்டுகளில் நாம் அணிந்து பார்க்காத துணி இல்லை. டெரிகாட்டன் கசங்காது, இஸ்திரிக்காரருக்குக் கொடுக்கும் காசு மிச்சம், ஐந்தாறு வருஷம் உழைக்கும். ஆனால் அதை அணிகிறவன் அல்லவா கசங்கிப் போகிறான்! காரணம் எளிது. நூறு பங்கு எடையுள்ள பருத்தி, சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ 8 பங்கு ஈரத்தைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. கடைக்காரர் பருத்தி என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் பருத்திதானா என்ற ஐயம் எழுந்தால், ஓரத்தில் இரண்டு இழை பிரித்துத் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். மற்றது உருகிக் கறுத்த மணியாய் உறைந்துவிடும். கதரை மறந்தீரோ என்று கேட்பவர்களுக்கு: மறக்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் நம் உடம்பில் கதர்தான். ஆனால் கெட்டிக் கதர் இந்தக் கடற்கரை ஈரத்தில் காயச் சோம்புகிறது. ஐப்பசியில் துவைத்துப் போட்டால் மறுநாளும் ஈரம் போகாது.

கடைசியில் நம் மனம் சென்று நின்றது, கட்டம் போட்ட மெல்லிய கைத்தறித் துணியில். நூலுக்கே சாயமேற்றி நெய்வதால் இதற்கு உள்புறம் வெளிப்புறம் என்ற பேதம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளினிடையே சிறு கண்கள் தெரியும். காற்று நுழையும் வழி அதுவே. உலகம் இந்தத் துணிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறது. அதிலும் நம் கரையோரத்துக்குப் பாத்தியதை அதிகம். திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையை எல்லோரும் அறிவோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட், நெசவாளரையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றிய 'காலெட் பேட்டை'யே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு, இந்தக் கரையின் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காட்டுத் துணி என்று பொருள். மேற்கே நைஜீரியாவில் கலபாரி என்னும் இனத்தார், பிள்ளை பிறந்தது முதல் பெரியவர்களின் இறுதிச் சடங்கு வரை இதைக் கௌரவ வஸ்திரமாய்ப் போற்றுகிறார்கள்.

அமெரிக்காவில் இது பெற்ற மரியாதை வேடிக்கையானது. 1958-இல் அந்நாட்டு வியாபாரி ஒருவர் இந்தியாவுக்கு வந்து, கஜம் ஒரு டாலர் விலைக்கு இத்துணியை வாங்கிப் போனார் என்று ஒரு கதை வழங்குகிறது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று இங்கே சொல்லியனுப்பிய யோசனை, அங்கே ஆடை வாங்கினவர்களின் காதுக்கு எட்டவில்லை. துவைத்ததும் சாயம் ஓடிற்று, புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்கள் அசரவில்லை. இது கட்டாயம் சாயம் போகும் துணி, அதுவே இதன் விசேஷம் என்று பறைசாற்றினார்களாம். வாலிபர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்களாம். எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் அப்படி விளம்பரம் செய்து பார்க்கட்டும்! வண்ணாரப்பேட்டைத் தாய்மார்கள் அவரை வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.

இவ்வளவு பெருமையையும் நாம் எடுத்துரைத்த பிறகு நம் வீட்டு அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "லுங்கித் துணியிலே சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டா பள்ளிக்கூடம் போகப் போறீங்க?"

இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தன்று, நம் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பனார் பள்ளி வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கடல் தொழில் செய்கிறவர். துவைத்த லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாய் வந்திருந்தார்.

"வாங்க அண்ணே, உள்ளே உட்காரலாம்" என்றோம்.

"இருக்கட்டும் சார். லுங்கி கட்டினு வரக்கூடாதுன்னு பலகையிலே போட்டிருக்கு. இங்கியே சொல்லுங்க, பையன் எப்படிப் படிக்கிறான்?"

பையன் கணக்கில் நூற்றுக்கு 92. அந்தச் செய்தியைத் தெருவில் நின்றுகொண்டு சொல்ல நேர்ந்தது. அவர் சிரித்தார், தலையைச் சொறிந்துகொண்டார், பலகையை மறுபடி ஒரு முறை பார்த்தார். அவர் இடுப்பிலிருந்த துணியை அப்போதுதான் கவனித்தோம். கருநீலமும் வெள்ளையும் கலந்த கட்டம். இதே துணி சட்டையாகி, ஓர் இங்கிலீஷ் பெயரோடு பெரிய கடையில் தொங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை சொல்கிறார்கள். இடுப்புக்கு மேலே ஏறினால் நாகரிகம், கீழே இறங்கினால் அநாகரிகம் என்று வரம்பு வகுத்த மகானுபாவர் யாரோ, நமக்கு விளங்கவில்லை.

ஆகவே, 1935 முதல் கைத்தறி விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸில், மூட்டாத லுங்கி ஒன்றையே வாங்கினோம். இரண்டு மீட்டர் நீளம். நடுத்தர உடம்புக்கு ஓர் அரைக்கைச் சட்டை தாராளமாய் வரும். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். அது சட்டையாவதற்கு முன்பே சுருங்கிவிடுவது உத்தமம். முன்பட்டியிலும் பையிலும் கட்டத்தோடு கட்டம் சேரும்படி வெட்டச் சொல்வதும் அவசியம். நம் தையற்காரர் துணியைத் தடவிப் பார்த்து, "மூட்டித் தரணுமா சார்?" என்றார். சட்டை என்றதும் சிறிது நேரம் அவர் பேசவில்லை. கூலியைக் குறைக்கவும் இல்லை. ஆனால் பையின் கட்டம் ஒரு நூல் பிசகவில்லை.

அந்தச் சட்டையை அணிந்து சென்ற முதல் நாள், வாசற்காவலர் வழக்கம்போல் வணக்கம் சொல்லி உள்ளே விட்டார். தலைமையாசிரியர் துணியின் அழகை வியந்து, எந்தக் கடை என்று விசாரித்தார். சொன்னோம். பலகையைப் பற்றியும் சொன்னோம். அடுத்த பெற்றோர் கூட்டம் ஆடி மாதத்தில் வருகிறது. அதற்குள் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். சட்டை இதுவரை நான்கு தரம் துவைத்தாகிவிட்டது. கருநீலம் சற்றே வெளுத்திருக்கிறது.