உபாத்தியாயர் பலர், தகப்பன்மார் சிலர்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 4:14-21, எபிரெயர் 12:5-11



உக்கடம் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் பொள்ளாச்சிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் வாலிபர் பலருடைய காதுகளில் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கிறது. நம் சபைப் பிள்ளைகள் சிலருக்கு அது ஒரு பிரசங்கம். சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போதகர்கள் அவர்களோடு கைப்பேசியில் பேசுகிறார்கள். அவற்றுள் நல்ல பிரசங்கங்கள் உண்டு. நானும் கேட்டுப் பயனடைந்திருக்கிறேன். ஆயினும் அந்தப் பிரசங்கியாருக்கு இந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது. இரண்டு வாரம் ஆலயத்துக்கு வராதிருந்தால் ஏன் என்று அவர் கேட்கப்போவதில்லை. சம்பளப் பணம் எங்கே போகிறது என்றும் விசாரிக்கப்போவதில்லை.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதியபோது இந்த வேறுபாட்டைத்தான் சுட்டிக் காட்டினார். உபாத்தியாயர்கள் அவர்களுக்கு ஏராளமாய் இருக்கலாம். தகப்பன்மாரோ அநேகர் இல்லை என்றார். அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல் வகுப்பறை ஆசிரியரைக் குறிப்பதன்று. செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, ஒழுங்காய் நடக்கிறானா என்று கண்காணித்துத் திரும்ப அழைத்து வரும் வேலைக்காரனை அது குறிக்கும். அவன் உண்மையுள்ளவனாய் இருக்கலாம். எனினும் பிள்ளை பெரியவனானதும் அவன் பணி முடிந்துவிடும். தகப்பனுடைய பணி அப்படி முடிவதில்லை.

ஆவிக்குரிய தகப்பனும் தாயும் என்று நாம் பேசும்போது இவ்வாரம் நம் சிந்தையில் நிற்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நேசிப்பதும் சிட்சிப்பதும் ஒரே இருதயத்திலிருந்து எப்படிப் புறப்பட முடியும்? நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் இதற்கு நல்லதொரு சாட்சி இருக்கிறது.

கிறிஸ்டியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-இல் ஜெர்மானிய நாட்டில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் மரிக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. 1779-இல் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது சென்றபோது நம் கொங்கு நாட்டுக் கரூர் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மாம்சத்தின்படி அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் இல்லத்தில் பிள்ளைகள் இல்லாத காலமும் இல்லை.

தரங்கம்பாடி மிஷனரி ஒருவருடைய மகனாகிய ஜான் காஸ்பர் கோலாப்பைச் சிறுவயதிலேயே தம்மிடம் வைத்து வளர்த்தார். அந்தப் பிள்ளை 1787-இல் குருப்பட்டம் பெற்று, சுவார்ட்ஸ் ஐயருக்குப் பின்னும் நெடுங்காலம் தஞ்சைத் திருச்சபையைத் தாங்கியது. திருநெல்வேலிக்குச் சென்றபோது பன்னிரண்டு வயதளவான ஒரு சிறுவனிடத்தில் தாலந்தைக் கண்டு, தகப்பனாரின் இசைவோடு தஞ்சாவூருக்கு அழைத்து வந்தார். அவர்தாம் பிற்காலத்தில் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார். இன்று நம் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளுக்குப் பின்னால், ஒரு சிறுவனைத் தன் மேசையில் அமர்த்தி வளர்த்த முதியவர் ஒருவர் நிற்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

இதுவரை சொன்னது அன்பின் பக்கம். சிட்சையின் பக்கத்தைப் பாளையங்கோட்டையில் காண்கிறோம். தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவையொருவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து வந்தார். அவர் மூலமாகவே கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஞானஸ்நானம் வேண்டுமென்று சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார். மணவாழ்க்கையாய் அமையாத அந்த உறவில் இருக்கும்வரை ஞானஸ்நானம் கொடுக்க இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரியின் மரணத்துக்குப் பின், 1778-இல், ஐயரே பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தாம் குளோரிந்தா அம்மையார். 1780-இல் எழுதப்பட்ட அவ்வூர்ச் சபைப் பதிவேட்டில் இருந்த நாற்பது பேரில் முதற்பெயர் அவருடையது. 1785-இல் அங்கே எழுந்த ஆலயம் அவருடைய முயற்சியால் எழுந்தது. திருநெல்வேலித் திருச்சபைக்கே தாயென்று அவரை இன்றும் நினைவுகூர்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐயர் அவருக்கு ‘இல்லை’ என்று சொன்னாரேயொழிய, அவரைத் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடுகிறவன் கதவை அடைத்துவிட்டுப் போய்விடுவான். சிட்சிக்கிறவன் வாசலிலேயே காத்திருப்பான். அந்த மறுப்பு அவரைக் காயப்படுத்தியிருக்கும். சிட்சை தற்காலத்தில் துக்கமாய்த் தோன்றும் என்று எபிரெயர் நிருபம் மறைக்காமல் சொல்கிறது. பிற்காலத்தில் அது தரும் கனியையும் அதே வசனம் சொல்கிறது. அன்று மறுக்கப்பட்ட ஒருவர் பின்னர் ஒரு சபைக்கே தாயானார்.

இன்னொரு பிள்ளையையும் சொல்ல வேண்டும். தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் மரணத் தறுவாயில் தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைக்க விரும்பினார். பிற்பாடு அச்சிறுவன் அரண்மனையில் அடைபட்டுத் துன்புற்றபோது, அவனுடைய உயிருக்காகவும் உரிமைக்காகவும் பரிந்து நின்றவர் ஐயரே. 1793-இல் அவன் சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றான். 1798-இல் அரியணை ஏறினான். சரபோஜி மன்னர் கிறிஸ்தவராகவில்லை. ஐயர் தமது செல்வாக்கைக் காட்டி அவரை வற்புறுத்தவுமில்லை. ஆயினும் மரணப்படுக்கையில் இருந்த ஐயரின் கரத்தை மன்னர் பற்றி நிற்கும் காட்சியை வடித்த பளிங்குச் சிற்பம், மன்னரின் விருப்பப்படியே ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியால் செய்யப்பட்டு, தஞ்சாவூர்ச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. தம் வழிக்கு வராத பிள்ளையையும் நேசித்த தகப்பனுக்கு அந்தப் பிள்ளை எழுப்பிய நினைவு அது. விசுவாசத்தை விட்டு விலகி நிற்கும் மகனுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கும் தாய்மார் நம் சபையில் உண்டு. அவர்கள் இதைத் தங்கள் இருதயத்தில் வைத்துக்கொள்வார்களாக.

ஆனால் எந்த மனிதத் தகப்பனும் முழுமையானவன் அல்லன். தஞ்சைத் திருச்சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் ஐயர் காலத்திலும் இருந்தது. அவர் அதை முற்றிலும் அகற்றவில்லை. பொறுமையாய்ப் போதித்தால் காலப்போக்கில் மாறும் என்று கருதினார். அது மாறவில்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாதென்று கட்டளையிட்டபோது தஞ்சையில் பெரும் பிளவு உண்டாயிற்று. சாதி வழக்கத்தின் சார்பில் வாதாடியவர்களுள் ஐயர் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர் என்பது நமக்கு வேதனை தரும் உண்மை.

ஏலியின் வீட்டிலும் நாம் இதைக் காண்கிறோம். ஏலி தன் குமாரரைக் கண்டித்துப் பேசாமல் இருக்கவில்லை, பேசினான். ஆனால் அவர்களை அடக்கவில்லை என்பதே கர்த்தர் அவன்மேல் வைத்த குற்றச்சாட்டு (1 சாமுவேல் 3:13). ஒரு தலைமுறை அன்பின் பெயரால் தள்ளி வைக்கும் சிட்சையை அடுத்த தலைமுறை பலமடங்கு வலியோடு சுமக்க நேரிடும். இன்று நம் வீடுகளில் பெண் பார்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி எதுவென்று நமக்குத் தெரியும். அந்தச் சுமை இன்னும் இறக்கி வைக்கப்படவில்லை.

பிரியமானவர்களே, நம் நடுவில் நடந்த ஒன்றைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு பகிர்ந்துகொள்கிறேன். தென்மாவட்டத்திலிருந்து வந்து, இங்கே நகைப் பட்டறையொன்றில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் நம் பாடகர் குழுவில் முன்னின்று பாடி வந்தார். தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கென்று சபையார் நால்வரிடம் கடன் வாங்கினார். மொத்தம் 46,000 ரூபாய். அதில் 8,000 ரூபாய், இட்லிக் கடை நடத்தும் ஒரு விதவைத் தாயார் சீட்டுப் போட்டுச் சேர்த்தது. பணம் போனது மருத்துவமனைக்கன்று. கைப்பேசியில் ஆடும் ரம்மிக்கு.

ஆலைத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவர் முதலில் தனியாய்ச் சென்று கேட்டார். வாலிபர் மறுத்தார். இரண்டாம் முறை இன்னொரு மூப்பரோடு சென்றபோது உண்மையைச் சொல்லி அழுதார். மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டிய வழி இதுவே. ஆராதனையில் எல்லார் முன்பாகவும் அறிவிக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கடன் கொடுத்த நால்வருக்கும் தெரிந்தால் போதும் என்று மூப்பர் உறுதியாய் நின்றார். கடன் தீரும்வரை பாடகர் குழுவில் நிற்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். அதை அவரிடம் சொன்னபோது மூப்பர் பேசிய வார்த்தைகள் என் காதில் இன்னும் இருக்கின்றன: “பாட்டு நிக்கட்டும் கண்ணு, நீ நின்னுராதே. ஞாயித்துக்கிழமை வந்து என் பக்கத்துல உக்காரு.”

அப்படியே பக்கத்தில் உட்கார வைத்தார். சனிக்கிழமைதோறும் வாரக்கூலி கைக்கு வந்ததும், அவரோடு நடந்து சென்று 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். விதவைத் தாயாரின் பணம்தான் முதலில் தீர வேண்டும் என்றார். இருபதாம் வாரத்தில் வாலிபர் வரவில்லை. மூப்பர் செல்வபுரத்திலுள்ள அவருடைய அறைக்குப் போய், இரவு பதினொன்றரை மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அன்று ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லை. இருவரும் தேநீர் குடித்துவிட்டுப் பிரிந்தார்களாம். அடுத்த சனிக்கிழமை இரண்டு வாரத் தொகையும் சேர்ந்து போயிற்று. 46 வாரங்களில் கடன் தீர்ந்தது. சிட்சிக்கப்பட்டவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனுக்கு ஆறுதல் சொல்லி அன்பை உறுதிப்படுத்துங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அறிவுரையின்படி, அவரை மீண்டும் குழுவில் சேர்த்துக்கொண்டோம். முதலில் எழுந்து அவர் கையைப் பற்றியவர் அந்த இட்லிக் கடைத் தாயார்.

நம் பெரியகுளத்தைப் பாருங்கள். கரை நீரைத் தடுக்கிறது என்று சொல்லலாம். கரைதான் நீரைக் காக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கரைதான். மண்வெட்டியோடு அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிப்பும் தேவை. ‘நான் உங்கள் ஆவிக்குரிய தகப்பன்’ என்று தம்மைத்தாமே அழைத்துக்கொண்டு, விசுவாசிகளின் திருமணத்தையும் வேலையையும் பணப்பையையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளும் ஊழியர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். பூமியில் ஒருவரையும் பிதா என்று அழையாதிருங்கள் என்னும் பொருள்பட ஆண்டவர் பேசியது (மத்தேயு 23:9) இப்படிப்பட்ட மேன்மை பாராட்டுதலுக்கு எதிராகவே. அப்படியானால் பவுல் தம்மைத் தகப்பன் என்று எவ்விதம் சொன்னார்? தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பால்கொடுக்கும் தாயைப் போல அவர்களைப் பேணியதையும், ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் தம் கைகளால் உழைத்ததையும் நினைவூட்டுகிறார். அவர் அவர்களிடமிருந்து வாங்கவில்லை. அவர்களுக்குத் தம்மைக் கொடுத்தார். பிலேமோனுக்கு எழுதும்போது ஒநேசிமுவின் கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஆகவே ஒருவர் உங்களைச் சிட்சிக்கும்போது சிலவற்றைச் சோதித்து அறியுங்கள். அவர் உங்களைப் பற்றிப் பிறரிடம் பேசுமுன் உங்களிடம் பேசினாரா? உங்கள் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கிறாரா? அவரையும் கண்டிக்க யாரேனும் உண்டா? அவர் உங்களைத் தம்மண்டை இழுக்கிறாரா, கிறிஸ்துவண்டை நடத்துகிறாரா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைக்குமானால், வார்த்தை கசப்பாயிருந்தாலும் பணிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், தாழ்மையோடு விலகி நிற்பது கலகம் ஆகாது.

மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நம் நகரத்தில் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்து, தாய் தகப்பனைப் பிரிந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பின்வரிசையில் அமர்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் அவர்களில் ஒருவரை இம்மாதம் உணவுக்கு அழையுங்கள். பெயரையும் ஊரையும் கேட்டு அறியுங்கள். கண்டிக்கும் உரிமை அந்த மேசையில்தான் பிறக்கிறது. சோறு போடாதவன் சொல்லும் புத்தி வெறும் சத்தமாய்ப் போய்விடும். வாலிபப் பிள்ளைகளே, கைப்பேசியில் எத்தனை பிரசங்கம் கேட்டாலும், உங்கள் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கத்தக்க ஒருவரையாவது இந்தச் சபையில் தேடிக்கொள்ளுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, நீர் நேசிக்கிறவர்களையே சிட்சிக்கிறீர் என்று அறிந்திருக்கிறோம். கண்டிக்கும் எங்கள் வாயில் அன்பையும், அன்புகூரும் எங்கள் இருதயத்தில் உண்மையையும் தாரும். தகப்பனில்லாத பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுக் கதவுகளைத் திறக்கச் செய்யும். எங்களைப் பெற்று வளர்த்த ஆவிக்குரிய தாய் தகப்பன்மாருக்காக உம்மைத் துதிக்கிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே, ஆமென்.