மழுங்கிய வாளும் கூரிய வாளும்

வாளை உறையினின்றும் உருவும் அக்கணத்திலேயே முதல் வெட்டும் நிகழ்ந்துவிடல் வேண்டும் என்பதே யப்பானியர் இயாய்தோ என வழங்கும் கலையின் அடிப்படையாகும். பயில்பவர் பெரும்பாலும் முழந்தாளிட்டு அமர்ந்தவாறு தொடங்குகின்றார். மனக்கண்ணில் தோன்றும் பகைவனை நோக்கி வாளை உருவுகின்றார், வெட்டுகின்றார், வாளிற் படிந்த குருதியை உதறுவது போன்று ஓர் அசைவு செய்கின்றார், பின்னர் மெல்ல அதனை உறையிலிடுகின்றார். எதிரே நிற்பார் ஒருவருமில்லை. திரைப்படங்களில் யப்பானிய வாள்வீரரைக் கண்டு பழகியோர்க்கு இக்காட்சி ஏமாற்றமளித்தல் கூடும். பதினாறாம் நூற்றாண்டினரான ஹயாஷிசாகி ஜின்சுகே ஷிகெனொபு என்பாரை இக்கலையின் முதல்வராக மரபு கொள்கின்றது.

பகைவனே இல்லாதவிடத்து வாளுக்குக் கூர் எதற்கு என்ற வினா இயல்பாகவே எழும். இதனைப் பயில்வோரிடையே இவ்வினா வெறும் விவாதப் பொருளன்று. என்றேனும் ஒருநாள் கையிருப்புப் பணத்தையும் கைவிரல்களையும் எண்ணிப் பார்த்து அவர்கள் விடை காண வேண்டியதொன்று.

தெரிவுக்குரியவை இரண்டு. ஒன்று மொகிதோ எனப்படும் போலி வாள். நாகமும் அலுமினியமும் கலந்த கலப்புலோகத்தினால் வார்க்கப்படுவது. தோற்றத்தில் உண்மை வாளையே ஒத்தது. ஆயினும் கூரற்றது, தீட்டினும் கூரேறாதது. மற்றையது ஷின்கென். பழைய முறையில் உருக்கை மீண்டும் மீண்டும் மடித்து அடித்துச் செய்யப்பெற்ற மெய்வாள். இச்சொல் சிறிது நின்று நோக்கத்தக்கது. ஷின்கென் என்பதற்கு மெய்யான வாள் என்பது நேர்ப்பொருள். ஆனால் அன்றாட யப்பானிய வழக்கில் அதுவே முழு மனத்தோடு, விளையாட்டாக அல்லாமல் ஒரு காரியத்தைச் செய்தலையும் குறிக்கின்றது. பரீட்சைக்கு ஊன்றிப் படிக்கும் மாணவனைப் பற்றியும் இச்சொல்லாலேயே பேசுவர். ஆகவே போலி வாளோடு பயில்பவரை நோக்கி, நீர் மெய்யாகவே பயில்கின்றீரா என்ற கேள்வியை மொழியே எழுப்பிவிடுகின்றது. கூரிய வாளின் பக்கம் நிற்போரின் வாதத்திற் பாதி இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

மறுபாதி உறையின் வாயில் உள்ளது. அவ்வாயை யப்பானியர் கெண்டைமீனின் வாய் என உவமித்துப் பெயரிட்டனர். வாள் உறையில் இருக்கும்போது அதன் வெட்டுவாய் மேல்நோக்கியிருக்கும். உருவும்போது இடக்கை உறையைப் பின்னிழுக்க, வலக்கை வாளை முன்செலுத்தும். வலக்கை அவசரப்பட்டு இழுத்தால் வெட்டுவாய் உறையின் உட்சுவரை உரசும். உறையோ மெல்லிய மரத்தின் இரு பாதிகளை ஒட்டிச் செய்யப்பட்டது. மழுங்கிய வாளானால் மரத்தில் ஒரு கீறல் விழும். பயில்பவர் அதனை அறியவும் மாட்டார். கூரிய வாளானால் மரம் செதுக்கப்படும். நாளடைவில் உறை பிளந்து, அதனைப் பற்றியிருக்கும் இடக்கை விரல்களை வாள் எட்டும். உறையிலிடுதல் இதனினும் நுட்பமானது. வாளின் முதுகை இடக்கையின் மீது வைத்து, முனை உறைவாயினுள் விழும்வரை கண்ணாற் பாராமலே இழுத்தல் வேண்டும். பார்வை வீழ்ந்துகிடப்பதாகக் கருதப்படும் பகைவன்மீது நிலைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரே பிழையை மழுங்கிய வாள் பதினாயிரம் முறை மன்னிக்கும். கூரிய வாள் முதன்முறையே மறுத்துவிடும். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் கூரின்மையை இக்காலத்துக் கோழைத்தனம் என்பார் கூற்று வரலாற்றோடு பொருந்துவதன்று. மெய்வாளின் கூரை வேண்டுமென்றே அழித்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் முன்னரே இருந்தது; ஹபிகி என்று அதற்குப் பெயருமுண்டு. 1612 இல் கன்ரியு தீவில் மியமோட்டோ முசாஷி தம் எதிரியான சசாகி கொஜிரோவை மரவாளினாலேயே வீழ்த்தினார் என்று மரபு கூறுகின்றது. கூரற்றதெல்லாம் தீங்கற்றதன்று. இன்றைய போலி வாளின் முனையும் உடலைத் துளைக்கப் போதியதே.

சட்டமும் இத்தெரிவிற் கைவைத்தது. 1876 ஆம் ஆண்டுக் கட்டளை பொதுவிடங்களில் வாள் அணிவதைத் தடுத்தது. 1945 இல் யப்பான் தோல்வியுற்றபின் ஆக்கிரமிப்புப் படையினர் எண்ணற்ற வாள்களைப் பறித்தனர், பல அழிந்தொழிந்தன. 1952 இல் அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்தது. 1969 இல் அது இயாய்தோவுக்கென ஏழு பொது வடிவங்களை வகுத்தது. பின்னர் அவை பன்னிரண்டாயின. பயில்வோர் பெருகினர், வாள்களோ அரிதாயின. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மெய்வாளும் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சீட்டு உரிமையாளரைத் தொடராது வாளையே தொடர்கின்றது. வாள் வடிக்கும் கொல்லரோ ஐந்தாண்டுகள் குருவிடம் பயின்று அனுமதி பெறவேண்டும். அதன் பின்னரும் மாதமொன்றுக்கு இரண்டு நெடுவாள்களுக்கு மேல் வடித்தலாகாது. இந்நிலையில் மெய்வாளின் விலை மாணவரின் கைக்கெட்டுமா? போலி வாள் பரவியதற்குத் தத்துவத்தினும் பொருளாதாரமே பெரிதும் காரணம் என்று கருத இடமுண்டு.

ஆனால் தேவைபற்றி வந்த பொருளில் ஒரு நன்மையும் அமைந்துவிட்டது. அச்சங்கொண்ட கை குறுகும். புதிதாகப் பயில்பவர் கூரிய வாளைப் பிடித்தால் விரலைக் காப்பதிலேயே அவர் கவனம் முழுவதும் சென்றுவிடும், தோள் இறுகும், உறையைப் பின்னிழுக்க வேண்டிய இடக்கை தயங்கி நின்றுவிடும். அவ்வாறு படிந்த தயக்கத்தைப் பின்னர் நீக்குதல் எளிதன்று. மழுங்கிய வாளாற் படிந்த கவனயீனமும் நீக்கற்கரியதே; ஆயினும் அதனை ஆசிரியரின் கண் காணும், ஒரு சொல்லால் திருத்தலாம். உடலுக்குள் ஒளிந்திருக்கும் அச்சத்தை எந்த ஆசிரியர் எவ்வாறு திருத்துவார்? ஆதலின் முதலில் மரவாள், பின்னர் பல ஆண்டுகள் போலி வாள், அதன் பின்னரே மெய்வாள் என்ற வரிசையே பொருத்தமானதாகத் தோன்றுகின்றது. நீரில் ஊறவைத்த பாய்ச்சுருளை வெட்டிப் பார்க்கும் பயிற்சி மட்டும் இதற்கு விலக்கு. அதற்குக் கூரிய உருக்குவாளே வேண்டும். வார்ப்புக் கலப்புலோகம் எதனோடும் மோதுதற்குரியதன்று.

யப்பானுக்கு வெளியே நிலைமை சற்று வேறு. அங்குப் பல நாடுகளில் மலிவான உருக்குவாள்கள், கூர் தீட்டப்பெற்றே விற்பனையாகின்றன. போலி வாள் வாங்கும் பணத்திற்கே கூரிய வாள் கிடைக்குமாயின் இளைஞர் எதனை விரும்புவர் என்பது சொல்லாமலே விளங்கும். இங்கே கூரினும் பெரிய ஆபத்து ஒன்று கைப்பிடிக்குள் மறைந்துள்ளது. வாளைப் பிடியோடு பிணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணி. அது தளர்ந்தாலோ முறிந்தாலோ வீசிய வேகத்தில் அலகு பிடியைவிட்டு அறையின் மறுகோடிக்குப் பறந்துவிடும். ஆகவே வாள் எத்தகையதாயினும் பயிற்சிக்கு முன் அவ்வாணியைத் தொட்டுப் பார்த்தல் கட்டாயம்.

மெய்வாளுக்கு மாறும் தகுதி எப்போது வரும் என்பதற்குப் பட்டங்களும் ஆண்டுக்கணக்குகளும் கூறப்படுவதுண்டு. அவற்றைவிட உறையே தெளிவான சான்று. சில மாதப் பயிற்சியின் பின் போலி வாளின் உறையைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினால், பலரது உறையிலிருந்து பொடியாய் மரத்தூள் உதிரும். அது உதிரும்வரை வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.