டுப்ரோவ்னிக்: மதில் மேல் ஒரு நடை

மலாக்காவுக்குப் போனவர்கள் சான்தியாகோ வாசலுக்கு முன்னால் நின்று ஒரு படமாவது எடுத்திருப்பீர்கள். குன்றின் அடியில் அந்தக் கல் வாசல் மட்டும் தனியாக நிற்கும். 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டை அது. டச்சுக்காரர் கைக்கு மாறி, பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1807இல் ஆங்கிலேயர் அதை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியது அந்த ஒரு வாசல்தான்.

சிறு வயதில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தபோது, "மதில் எங்கே சார்?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். "இருந்தது" என்றார். அந்த ஒரு சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டது. இடிபடாத மதிலுக்குள் ஓர் ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, ஓய்வு பெற்ற பிறகுதான் நிறைவேறியது.

ஐரோப்பாவில் அப்படிப்பட்ட ஊர்கள் பல உண்டு. பிரான்ஸில் கார்க்கசோன், ஸ்பெயினில் ஆவிலா, ஜெர்மனியில் ரோதன்பர்க். எல்லாவற்றையும் பார்க்கக் கையில் காசு வேண்டுமே! நானும் என் துணைவியாரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். குரோவேசியா நாட்டின் தென்கோடியில், அட்ரியாட்டிக் கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் டுப்ரோவ்னிக்.

விமானப் பயணத்தைச் சொல்லி உங்களை அலுப்பூட்டப் போவதில்லை. பேருந்திலிருந்து இறங்கினால் எதிரே பிலே வாசல். மேலே ஒரு புனிதரின் சிலை. பிளேசியஸ் என்பவர், ஊரின் காவல் தெய்வம் போல. ஊருக்குள் இவருடைய சிலைகள் பல, அவற்றில் அவர் கையில் இந்த ஊரையே சிறு பொம்மையாக ஏந்தி நிற்கிறார். வாசலில் ஒரு தூக்குப் பாலம். பழைய காலத்தில் பொழுது சாய்ந்ததும் அதைத் தூக்கி, கதவைச் சாத்தி, சாவியை ஊர்த் தலைவரிடம் ஒப்படைத்துவிடுவார்களாம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்தில் பெரிய நீரூற்று. 1438இல் கட்டியது. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து வாய்க்கால் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பதினாறு குழாய். இன்றும் குடிக்கலாம். நாங்கள் குடித்தோம், ஜில்லென்று இருந்தது. அங்கிருந்து நேராக ஓடுகிறது ஸ்திராதூன் என்ற பெரிய வீதி. நூற்றாண்டுக் கணக்காகக் கால்கள் தேய்த்துத் தேய்த்து, தரைக்கல் கண்ணாடி போல மின்னுகிறது. என் துணைவியாரின் செருப்பு அதில் வழுக்க, நல்ல வேளையாக என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை தோளை விடவேயில்லை.

மறுநாள் காலை மதில் ஏறினோம். கட்டணம் முப்பது யூரோவுக்கு மேல், நம் காசில் ஓர் ஆளுக்கு நூற்றைம்பது வெள்ளியைத் தாண்டும். 'சுவரில் நடக்க இவ்வளவா?' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். மொத்தச் சுற்று 1,940 மீட்டர், ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். சில இடங்களில் உயரம் 25 மீட்டர். நிலத்தைப் பார்த்த பக்கம் சுவர் நாலிலிருந்து ஆறு மீட்டர் கனம், கடலைப் பார்த்த பக்கம் அதைவிட மெல்லியது. படிகள் ஏறி இறங்கி, வெயிலில் நின்று நின்று, எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. கொடுத்த காசை அதற்குள் மறந்துவிட்டேன். ஒரு பக்கம் நீலக்கடல், இன்னொரு பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அந்தக் கூரைகளுக்கு இடையில் எலுமிச்சை மரம், காயப்போட்ட துணி, பிள்ளைகள் பந்து விளையாடும் இடம்.

மேற்கே, மதிலுக்கு வெளியே ஒரு பாறை மேல் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிரியைப் பார்த்த பக்கம் அதன் சுவர் 12 மீட்டர் கனம். ஊரைப் பார்த்த பக்கமோ 60 சென்டிமீட்டர்தான்! கோட்டைத் தளபதி யாராவது துரோகியாகி ஊர்மேலேயே பீரங்கியைத் திருப்பினால், ஊரார் அந்தச் சுவரைச் சுலபமாக உடைத்துவிடலாம் என்ற முன்யோசனை. வெளி எதிரிக்குப் பயந்த அளவு உள் எதிரிக்கும் பயந்திருக்கிறார்கள்.

இந்த ஊர் ஒரு தனிக் குடியரசாக இருந்தது. 'ரெக்டர்' என்று ஒரு தலைவர். அவருடைய பதவிக்காலம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரே மாதம்! அந்த ஒரு மாதமும் அரசுக் காரியம் தவிர வேறெதற்கும் மாளிகையை விட்டு வெளியே வரக்கூடாது. சொந்த அலுவலை மறந்து பொது அலுவலைப் பார் என்ற கருத்தை லத்தீனில் மண்டப வாசலில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சங்கங்களுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் யாராவது இந்த ஏற்பாட்டைச் சொல்லிப் பார்க்கலாம். நான் சொல்ல மாட்டேன்.

லோவ்ரியெனாட்ஸ் வாசலில் இன்னொரு பொறிப்பு. உலகத்துப் பொன் முழுவதற்கும் சுதந்திரத்தை விற்பதற்கில்லை என்பது அதன் பொருள். படித்துச் சிலிர்த்தேன். ஆனால் அதே ஊர் துருக்கி சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்கக் காசு கப்பம் கட்டி வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டபோது சிரிப்பும் வந்தது. சுதந்திரத்தைப் பொன்னுக்கு விற்கவில்லை, பொன் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்! மதிலை மட்டும் நம்பி ஓர் ஊர் பிழைக்காது என்பது அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. 1416இல் அடிமை வணிகத்தைத் தடை செய்ததும் இந்த ஊர்தான். அதற்காக அங்கே எல்லாரும் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்சியில் பிரபுக் குடும்பங்களுக்கு மட்டுமே இடம்.

இன்னொரு செய்தி தோட்டத்து வாசகர்களுக்கு. கொள்ளைநோய்க்குப் பயந்து 1377இல் இந்த ஊர் ஒரு சட்டம் போட்டது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் பக்கத்துத் தீவிலோ அண்டை ஊரிலோ 30 நாள் தங்கிவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம். பிறகு மற்ற ஊர்களில் அது 40 நாளாயிற்று. கப்பலில் வந்த நம் பாட்டன் பாட்டிகளைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கி நிறுத்தி வைத்தார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான். கிழக்கு வாசலுக்கு வெளியே அந்தப் பழைய தங்குமனைகள் இன்னும் இருக்கின்றன. என் பாட்டி ஜெரெஜாக்கைப் பற்றிப் பேசினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கல் கட்டடங்களுக்கு முன்னால் நான் படம் எடுக்கவில்லை.

இவ்வளவு கெட்டிக்கார ஊரையும் விதி விடவில்லை. 1667 ஏப்ரல் 6ஆம் நாள் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரைச் சாய்த்தன. மதில் பெரும்பாலும் தப்பியது, உள்ளே இருந்த மனிதர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இன்று ஸ்திராதூனில் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும் வீடுகள் அதற்குப் பின் கட்டியவை. 1806இல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது, 1808இல் குடியரசு முடிந்தது. கணக்குப் பார்த்தால், நம் மலாக்காவில் மதில் போன அதே சமயம். அங்கே மதில் நின்றது, சுதந்திரம் போயிற்று.

நாங்கள் தங்கியது மதிலுக்குள் ஒரு சந்தில், மூன்று மாடி வீட்டில். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். மேல்மாடியில் அவர், கீழே இரண்டு மாடிகளும் எங்களைப் போன்ற பயணிகளுக்கு. காலையில் பசியாறும்போது, "இங்கிருந்து பார்த்தால் சில கூரை வெளிறியும் சில பளபளவென்றும் இருக்கிறதே, ஏன் அம்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

1991 அக்டோபரில் யுகோஸ்லாவியப் படை ஊரைச் சுற்றி வளைத்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலையிலிருந்து மலைமேலிருந்து குண்டு விழுந்தது. பழைய நகரின் 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சேதம் என்று யுனெஸ்கோ கணக்கெடுத்தது. ஒன்பது கட்டடங்கள் முழுதாக எரிந்தன. "வெளிறிய ஓடு பழையது. பளபளப்பது அதற்குப் பிறகு போட்டது" என்றார். அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் எங்கே ஒளிந்தார்கள் தெரியுமா? மதிலை ஒட்டிய கோட்டை அறைகளில்! பீரங்கிக் காலத்துச் சுவர் அன்றும் ஆளைக் காத்தது. இந்த அம்மாளும் கைக்குழந்தையோடு அங்கே கிடந்தவர்தான்.

"அந்தக் குழந்தை இப்போது எங்கே?" என்று என் துணைவியார் கேட்டார்.

வெளியே புதிய நகரில் இருக்கிறானாம். கார் நிறுத்த இடமில்லை, மளிகைக் கடையெல்லாம் ஞாபகப்பொருள் கடையாகிவிட்டது, பிள்ளைகளுக்கு அங்கேதான் வசதி. போருக்கு முன் மதிலுக்குள் சுமார் ஐயாயிரம் பேர் குடியிருந்தார்கள். இப்போது இரண்டாயிரத்துக்கும் குறைவு. "குண்டுக்குக்கூடப் போகாதவர்கள் பெட்டிகளுக்குப் போய்விட்டார்கள்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. சந்தைக் கைகாட்டினார். கல் படிகளில் கடகடவென்று சக்கரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் விடியற்காலை நான்கு மணிக்கும் கேட்குமாம். உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் ஸ்திராதூனில் நடக்கவே முடியாது. கப்பல்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், பெட்டியை உருட்டாமல் தூக்கிச் செல்லும்படி 2023இல் நகர நிர்வாகம் பயணிகளைக் கேட்டுக்கொண்டது. அம்மாளுக்கு அதில் திருப்தி இல்லை. "ஆனால் உங்கள் வாடகையில்தானே நான் சாப்பிடுகிறேன்" என்று அவரே சொல்லிவிட்டு, எங்களுக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினார்.

நீங்கள் போவதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். மதிலுக்குக் காலையில் வாசல் திறந்ததுமே ஏறிவிடுங்கள். முடிந்தால் மதிலுக்குள், அந்த ஊர்க்காரர் ஒருவர் இன்னும் குடியிருக்கும் வீடாகப் பார்த்துத் தங்குங்கள்.

நாங்கள் திரும்பிய நாள் விமானம் அதிகாலையில். எங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் சக்கரம் உண்டு. துணைவியார் என்னைப் பார்த்தார், நான் பெட்டிகளைப் பார்த்தேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை இருட்டில் இறங்கினேன். மேல்மாடியில் விளக்கு எரிந்தது. பிலே வாசலைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தபோது கை இரண்டும் நடுங்கின. தூக்குப் பாலத்தில் ஒரு பூனை படுத்துக் கிடந்தது, கதவு திறந்தே இருந்தது.