கை வைக்காத கடல்

ஓய்வு மனிதருக்கு மட்டும் உரியதன்று. நிலத்திற்கும் உண்டு என்கிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். ஆறு ஆண்டுகள் உழுது விதைத்த வயல் ஏழாம் ஆண்டில் தரிசாகக் கிடக்க வேண்டும். அப்படியானால் அந்த ஆண்டு எதை உண்பது? அந்நூலே இவ்வினாவை எழுப்பி, ஆறாம் ஆண்டின் விளைச்சல் போதும் என்று இறைவனின் வாக்குறுதியைப் பதிலாகத் தருகிறது. குருமட வகுப்பில் இதைப் படித்த நாள் முதல் என் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்துவந்தது. களஞ்சியம் நிறைந்தவன் அந்த வாக்குறுதியை நம்பிவிடலாம். அன்றாடம் உழைத்து உண்பவனிடம், 'உன் வயலை விட்டு வை' என்று எந்த வாயால் சொல்வது?

அவ்வினாவுக்கான விடையை நான் நிலத்தில் காணவில்லை, கடலில் கண்டேன்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் நீக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் ஆப்போ என்னும் எரிமலைத் தீவு உள்ளது. பரப்பு 70 ஹெக்டேரை ஒட்டியது. வாழ்வோர் ஏறக்குறைய ஆயிரம் பேர். 2016ஆம் ஆண்டு, மணிலாவில் மேய்ப்புப்பணிப் பயிற்சி ஒன்று முடிந்தபின், அந்நாட்டுக் குரு ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். மாலாதாபாய் என்னும் கரையிலிருந்து, இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய படகில் பலரோடு பங்கிட்டுப் பயணம், எளிய அறை, சோறும் சுட்ட மீனும். பங்குக் குருவின் பைக்கும் எட்டிய செலவுதான். குடிநீர் மறுகரையிலிருந்து படகில் வந்தது. மின்விளக்கு மாலையில் சில மணி நேரமே எரிந்தது. அதன்பின் அலையோசை அன்றி வேறு ஓசை இல்லை.

காலையில் நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து கடலில் இறங்கினோம். எங்களுக்கு வழிகாட்டிய மீனவர் முதலில் விதிகளைச் சொன்னார்: பவளத்தின்மேல் கால் ஊன்றக் கூடாது, ஆமையைத் தொடக் கூடாது, எதையும் எடுத்துவரக் கூடாது. பிறகு முகத்தை நீரில் வைத்தேன். மான்கொம்பு போலவும், மூளையின் மடிப்புகள் போலவும் பவளங்கள் விரிந்து கிடந்தன. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசைகூடக் காதில் விழுந்தது. பேராமை ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நீருக்கு அடியில் பேச இயலாது என்பது எவ்வளவு பெரிய அருள்! அங்கே வியக்கலாம், விளக்கவுரை ஆற்ற முடியாது.

இவ்வளவும் இயல்பாக எஞ்சியது என்று எண்ணிவிடலாகாது. எழுபதுகளில் இக்கடற்பகுதி வெடிவைத்தும் சயனைடு கலந்தும் மீன் பிடித்ததால் நலிந்து கிடந்தது. சில்லிமன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிஞர் ஆஞ்சல் அல்காலாவும் அவருடைய குழுவினரும் தீவு மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தனர்: மீன்பிடிப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை முற்றிலும் விட்டுவிடுங்கள், அங்கே மீன்கள் வளர்ந்து பெருகினால் எல்லைக்கு வெளியேயும் வரும். 1982இல் 450 மீட்டர் நீளக் கரையை ஒட்டிய கடல் காப்பகமாயிற்று. அதைக் காத்தவர்கள் அரசுக் காவலர் அல்லர், அத்தீவின் மீனவரே.

மேலிருந்து வரும் ஆணை மட்டும் போதாது என்பதற்கு அருகிலுள்ள சுமிலோன் தீவே சான்று. அங்கே 1974லேயே காப்பகம் அமைந்தது. உள்ளாட்சியின் ஆதரவு நீங்கி, 1984இல் காவல் குலைந்தது. மீண்டும் எல்லாரும் புகுந்து மீன் பிடித்தனர். சில நாள் கொண்டாட்டத்திற்குப் பின் சுற்றியுள்ள கடலின் மீன்பாடு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

மாலையில் எங்கள் வழிகாட்டியிடம் என் பழைய வினாவை வைத்தேன். "பாத்ரே, என் தந்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர்" என்றார் அவர். "கடலைப் பூட்டினால் என் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று சண்டையிட்டார்." மீன் பெருகியதைக் கண்டதும் மனம் மாறினாரா என்று கேட்டேன். "இல்லை. மீன் பெருகப் பல ஆண்டு ஆயிற்று. தம்மைவிட ஏழையான அயலவர் எல்லைக் கோட்டில் படகைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தார். மறுநாள் தாமும் திருப்பிக்கொண்டார்."

நெடுநேரம் நான் ஒன்றும் பேசவில்லை. நான் கேட்டது பிழைப்பைப் பற்றி. அவர் சொன்னது நம்பிக்கையைப் பற்றி. ஏழாம் ஆண்டின் வாக்குறுதி ஒரு தனிமனிதனின் காதில் விழுந்தால் அச்சமே தரும். அண்டை வீட்டாரும் அதையே நம்பி வலையைச் சுருட்டும்போதுதான் அது தாங்கக்கூடியதாகிறது. ஓய்வுநாள் கட்டளை ஒரு மனிதனுக்கு மட்டும் அன்று, ஒரு மக்களினத்திற்கு அருளப்பட்டதன் பொருள் எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று.

அந்தப் புகழ்பெற்ற காப்பகத்தை நான் காணவில்லை. 2011, 2012 டிசம்பர் மாதங்களில் வீசிய பெரும்புயல்கள் அதன் பவளங்களை நொறுக்கிவிட்டன. அது தேறி எழுவதற்காகப் பயணிகளும் உள்ளே செல்லாதபடி மூடிவிட்டார்கள். பயணிகள் தரும் பணம் தீவுக்குத் தேவைதான், ஆயினும் மூடினார்கள். மீனவன் தன் வலைக்கு விதித்த அதே விரதத்தைப் பயணியின் கண்ணுக்கும் விதித்தது முறைதானே? கடல் தாண்டி வந்தும் காணக் கிடைக்காத ஒன்று அங்கே நலமாக இருக்கட்டும் என்று விட்டுவருவதும் ஒரு வழிபாடே.

1988இல் பிலிப்பைன்ஸ் ஆயர்கள் தங்கள் நாட்டின் அழிவைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், வண்ணமயமான கடலடி உலகைக் கல்லறையாக்கியவர் யார் என்று மனம் நொந்து கேட்டனர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'லவுதாத்தோ சீ' திருமடலில் அக்கேள்வியை உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கினார். அம்மீனவர்களோ, ஆயர்களின் மடல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் படகுகளைத் திருப்பத் தொடங்கியிருந்தனர்.

படைப்பின் ஏழாம் நாளில் இறைவன் புதிதாக எதையும் செய்யவில்லை. கையை விலக்கிக்கொண்டார், அந்த நாளையே புனிதமாக்கினார். நம் வருவாயிலும் நேரத்திலும் நிலத்திலும் நீரிலும் நாம் கை வைக்காமல் விட்டுவைத்த பத்தில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது? அதைத் தேடும்போது நாம் முதலாமவராகப் படகைத் திருப்ப வேண்டியதில்லை. நம்மிலும் எளியவர் ஒருவர் நமக்கு முன்பே திருப்பியிருப்பார். அவரைக் காணும் கண் இருந்தால் போதும்.